மாராயியின் முதுகும் வேலாத்தாளின் சிவப்புப் பூவும்

காட்டோரத்துக் கல்லாங்குட்டையில் எருமைகள் சேற்றில் ஊறிவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் கரைக்கு வந்து வரிசையாகப் படுக்கும். அவை படுத்ததுதான் தாமதம், பறவைகள் வந்து முதுகில் இறங்கிவிடும். உண்ணி பொறுக்குவது அவற்றின் தொழில். எருமைக்கு அரிப்பு தீரும், பறவைக்கு வயிறு நிறையும்.

இந்தத் தொழிலுக்கு ஒரு சட்டம் உண்டு. இறங்கிய பறவையைப் பிடித்திருந்தால் எருமை அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருக்கும். பிடிக்காவிட்டால் வாலால் ஒரு வீசு வீசும். வாலடி பட்ட பறவை வாய் பேசாமல் இறங்கிவிட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. காரணம் சொல்லும் வழக்கம் எருமைகளுக்கும் கிடையாது.

வேலாத்தா என்றொரு மைனா அங்கே தொழில் செய்துவந்தாள். மந்தைக்குத் தலைவியான மாராயி என்ற பெரிய எருமையின் முதுகுதான் அவளுடைய இடம். அகலமான முதுகு. ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடலாம். இலுப்பை மரத்துப் பொந்தில் வேலாத்தாளுக்கு மூன்று குஞ்சுகள் இருந்தன. மூன்றுக்கும் வாய் மட்டும்தான் வளர்ந்திருந்தது.

அந்தக் கோடை பொல்லாத கோடையாக வந்துவிட்டது. சுற்றியிருந்த குட்டைகள் எல்லாம் வெடித்துப் போயின. மற்ற மந்தைகள் ஆற்றைத் தேடிப் போய்விட்டன. வெட்டுக்கிளி இல்லை, புழு இல்லை, பழம் இல்லை. கல்லாங்குட்டையில் மட்டும் கொஞ்சம் தண்ணீரும் சேறும் மிச்சம் இருந்தன, மாராயியின் மந்தை மட்டும் அங்கே இருந்தது. ஆகவே காட்டிலுள்ள மைனாக்கள் மொத்தமும் அங்கே வந்து குவிந்தன.

அதற்குப் பிறகு காலையில் வேலாத்தா வரும்போதெல்லாம் மாராயியின் முதுகில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு வாலடி விழுந்து இறங்கினால் அடுத்தவள் ஏறினாள். முண்டியடிக்கத் தெரியாத வேலாத்தா கரையிலேயே நின்றாள். எல்லாருக்கும் அதே காப்பி நிற உடம்பு, அதே மஞ்சள் மூக்கு, அதே மஞ்சள் கால்.

“இந்தக் கும்பலில் நான் யார் என்று எருமைக்கு எப்படித் தெரியும்?” என்று அவள் தனக்குள் கேட்டுக்கொண்டாள். நல்ல கேள்விதான். பதிலைத் தேடிப் போன இடம்தான் சரியில்லை.

அவள் போனது வண்ணமுத்து என்ற பச்சோந்தியிடம். கூட்டத்தில் தனியாகத் தெரிவது எப்படி என்று யோசனை சொல்வது அவர் பிழைப்பு. கூலி, கொழுத்த ஈக்கள். அதுவும் முன்கூட்டியே. ஆவாரஞ்செடியில் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே வேலாத்தாளுக்கு வெகுநேரம் ஆனது. கண்ணுக்கே தெரியாத ஒருவர் எனக்குத் தனியாகத் தெரியும் வித்தையைச் சொல்லித்தரப் போகிறாரா என்று அவள் யோசித்திருக்கலாம். பாவம், பசியில் இருப்பவர்களுக்கு அதெல்லாம் தோன்றாது.

மயிலைத் தோகை விரிக்கச் சொன்னதே தான்தான் என்றார் வண்ணமுத்து. கொண்டலாத்தியின் கொண்டையும் தன் யோசனையாம். வேலாத்தா அத்தனையும் நம்பினாள். பிறகு அவர் அவளுடைய வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றார். அவள் அவரைக் கூட்டிப்போய், கரையோரம் படுத்திருந்த ஒரு கிழட்டு எருமையின் காதோரத்தில் வேலை செய்து காட்டினாள்.

உண்ணிக்குப் பக்கத்தில் மூக்கால் மெல்ல இரண்டு தட்டு. ஒரு நொடி நிறுத்தம். பிறகு ஒரே இழுப்பு. அதுதான் அவள் செய்யும் முறை.

“அதென்ன அம்மிணி, தட்டறது?” என்றார் வண்ணமுத்து.

“சொல்லாமக் கொள்ளாமப் புடுங்குனா வலிக்குமுங்கண்ணா. தட்டிப்போட்டு எடுத்தா, இப்ப எடுக்கப்போறான்னு அதுக்குத் தெரிஞ்சுக்கும். தோலக் கொஞ்சம் தளர்த்திக் குடுக்கும்.”

“நீ ஒண்ணு தட்டி எடுக்கறதுக்குள்ள அடுத்தவ நாலு எடுத்துருவா. முதல்ல அந்தத் தட்டற வேலைய விடு.”

அதன்பின் அவர் தன் திட்டத்தை விரித்தார். ஒரு நிறம் வேண்டும், பார்த்தவர் மறக்காத நிறமாக. ஒரு கூவல் வேண்டும், கேட்டவர் மறக்காத கூவலாக. கூவலில் அவள் பெயர் கட்டாயம் வர வேண்டும். இவை மூன்றும் அமைந்துவிட்டால் எருமைகள் அவளைத் தேடி வரும், அவள் எருமைகளைத் தேட வேண்டியதில்லை. வேலாத்தாளுக்குக் கேட்கக் கேட்க வயிறே நிறைந்த மாதிரி இருந்தது. அன்று அது நிறைந்ததும் அதனால் மட்டும்தான்.

மறுநாள் காலையில் வேலாத்தா கரைக்கு வந்த கோலத்தைப் பார்த்துக் குட்டையே வாயைப் பிளந்தது. தலையில் கல்யாண முருங்கையின் சிவப்புப் பூ, வேப்பம் பிசின் வைத்து ஒட்டியது. வாலில் செம்மண். பூ கண்ணை மறைத்ததால் அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துத்தான் பார்க்க முடிந்தது. அதுவும் ஒரு ஒயிலாக இருக்கிறது என்று வண்ணமுத்து சொல்லியிருந்தார். மற்ற மைனாக்கள் திகைத்துப் போய் வழி விட்டன. வேலாத்தா நேராக மாராயியின் முதுகில் இறங்கினாள்.

“வேலாத்தா வந்தாச்சு! உண்ணியெல்லாம் போயாச்சு!”

கூவிக்கொண்டே வெடுக்கென்று ஒன்றைப் பிடுங்கினாள். மறுபடி கூவினாள், மறுபடி பிடுங்கினாள். மாராயியின் தோல் சிலிர்த்தது. அசை போடுவது நின்றது. மூன்றாவது கூவலுக்குள் வால் வந்து விழுந்தது. ஒரு முறை இல்லை, இரண்டு முறை. பூ ஒரு பக்கம் போனது, வேலாத்தா ஒரு பக்கம் போனாள்.

சட்டப்படி அவள் ஏன் என்று கேட்கவில்லை. வண்ணமுத்துவிடம் ஓடினாள். எருமைக்குச் சிவப்பு பிடிக்காது போலிருக்கிறது, மஞ்சளுக்கு மாறு என்றார் அவர். அவரும் அப்போது மஞ்சளாக இருந்தார். அடுத்த நாள் ஆவாரம்பூவோடு போனாள். வாலடி. அதற்கடுத்த நாள் நீலச் சங்குப்பூவோடு போனாள். அதற்கும் வாலடிதான். ஒவ்வொரு யோசனைக்கும் அவர் தனித்தனியாக ஈ வாங்கிக்கொண்டார். குஞ்சுகளுக்குப் போக வேண்டிய ஈ அது.

இதற்குள் இன்னொன்றும் நடந்தது. வேலாத்தாளுக்கு வாலடி விழுந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவள் பூவை மட்டும்தான் பார்த்தார்கள். இத்தனை துணிச்சலாக வருகிறாள் என்றால் ஏதோ விஷயம் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு காலையில் அவள் மறுபடி சிவப்புப் பூவோடு வந்து பார்த்தால், கரையில் இருந்த அத்தனை மைனாக்களின் தலையிலும் சிவப்புப் பூ. ஒரு உண்ணிக்கொக்கு கூட எங்கிருந்தோ ஒன்றைச் செருகிக்கொண்டு, தன் வெள்ளை உடம்புக்கு அது எடுப்பாக இருக்கிறதா என்று தண்ணீரில் பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாண முருங்கை மரம்தான் மொட்டையாகிப் போனது.

அன்று மாலை அவள் பொந்துக்குத் திரும்பியபோது இரண்டு குஞ்சுகள் கத்தின. கடைக்குட்டி கத்தவில்லை. வாயைக் கூடத் திறக்கவில்லை. அவளைப் பார்த்தது, பிறகு கண்ணை மூடிக்கொண்டது. கத்துகிற குஞ்சைச் சமாளித்துவிடலாம், கத்தாத குஞ்சை எந்தத் தாயாலும் தாங்க முடியாது. தலையிலிருந்த பூவைப் பிய்த்து எறிந்தாள். பிசினோடு நாலு இறகும் சேர்ந்து வந்தது.

விடிந்ததும் அவள் ஒரு முடிவோடு குட்டைக்குப் போனாள். சட்டமாவது ஒன்றாவது, இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று போனாள். மாராயியின் முதுகுக்குப் போகவில்லை. அவள் முகத்துக்கு முன்னால் போய் மண்ணில் நின்றாள். எந்தப் பறவையும் அங்கே போய் நின்றதில்லை. அங்கே உண்ணியும் கிடையாது, கொம்பும் கிட்டத்தில் இருக்கும்.

மாராயி தலையைத் தாழ்த்தி அவளைப் பார்த்தாள். முன்தலையில் இறகு இல்லாத ஒரு சின்னப் பறவை. “யாரு அம்மிணி நீ?” என்றாள்.

வேலாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நானுங்கக்கா, வேலாத்தா. உங்க முதுகுல எத்தன நாளா வேலை பாக்கறேன். என்னத் தெரியலீங்களா?”

“முதுகுல இருக்கறவள நான் எங்கிருந்து பாக்கறது? எனக்குக் கண்ணு முன்னாலயில்ல இருக்குது.”

“அப்ப... செவப்புப் பூ வெச்சுட்டு வந்தனே, அது?”

“பூ வெச்சியா? எதுக்கு?”

வேலாத்தா மஞ்சள் பூவையும் நீலப் பூவையும் பற்றிச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள். மாராயியோ யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போலத் தன் குறையைச் சொல்ல ஆரம்பித்தாள். முன்பெல்லாம் ஒருத்தி வருவாளாம். வந்தால் முதலில் தட்டுவாளாம், பிறகுதான் எடுப்பாளாம். எடுத்ததே தெரியாதாம். அவள் இருக்கும்போது கண் தானாக மூடிக்கொள்ளுமாம். இந்தக் கோடையில் அவளைக் காணவே இல்லையாம்.

“எவளாச்சும் தட்டுவாளான்னு நானும் ஒவ்வொருத்தியா வெச்சுப் பாத்துட்டேன். எல்லாம் வெடுக்கு வெடுக்குன்னு புடுங்குதுக. அதுலயும் ஒருத்தி வந்தா பாரு, காதுக்குள்ள என்னன்னே வெளங்காமக் கத்திக்கிட்டே புடுங்குனா. அவளுக்குத்தான் நல்லா ரெண்டு வெச்சேன்.”

அந்த ஒருத்தி நான்தான் என்று வேலாத்தா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும், ஆனால் பொந்தில் கடைக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. அவள் பறந்து போய் மாராயியின் முதுகில் இறங்கினாள். அங்கே இருந்த சிவப்புப் பூக்காரி முறைத்தாள். வேலாத்தா ஓர் ஓரமாக, இடது விலாவின் மேட்டில் நின்று, மூக்கால் மெல்ல இரண்டு தட்டினாள். ஒரு நொடி நிறுத்தினாள்.

மாராயியின் தோல் தானாகத் தளர்ந்து கொடுத்தது.

வால் எழும்பியது. வேலாத்தா முதுகோடு ஒட்டிக்கொண்டாள். வால் அவளைத் தாண்டிப் போய்ச் சிவப்புப் பூக்காரியின் மேல் விழுந்தது. அதன்பின் மாராயி கால்களை நீட்டிப் படுத்து, கண்ணை மூடி, அசை போடத் தொடங்கினாள். அன்று முழுவதும் வேலாத்தா பொந்துக்கும் முதுகுக்குமாகப் பறந்தாள். முதல் நடையில் கடைக்குட்டியின் வாயை அவளே மூக்கால் திறந்து ஊட்ட வேண்டியிருந்தது. சாயங்காலம் அது மற்ற இரண்டையும் தள்ளிவிட்டு முன்னால் வந்து கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் அழுதாள்.

விஷயம் வெளியே தெரியாமல் இருக்குமா? தட்டினால் பிழைப்பு என்று கரை முழுக்கப் பரவியது. பூக்கள் எல்லாம் ஒரே நாளில் குட்டையில் மிதந்தன. இப்போது எல்லாரும் தட்டினார்கள். சிலர் வாலருகே தட்டிவிட்டுக் கழுத்தில் பிடுங்கினார்கள். சிலர் தட்டிக்கொண்டே இருந்து பிடுங்க மறந்தார்கள். தட்டுவது எதற்கு என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கிழட்டு எருமைக்குத் தலைவலியே வந்துவிட்டது. தட்டச் சொன்னதே தான்தான் என்று வண்ணமுத்து அதற்கும் ஈ வாங்கிக்கொண்டிருந்தார். அதே வாரத்தில் ஒரு மரங்கொத்தி அவரிடம் யோசனை கேட்டுப் போனது. இப்போது எல்லாருமே தட்டுகிறார்கள், நீ தட்டுவதை விட்டுவிட்டால்தான் தனியாகத் தெரிவாய் என்றார் அவர். அது பட்டினி கிடந்தது தனிக் கதை.

ஒரு நாள் காலை வேலாத்தா வரத் தாமதமாகிவிட்டது. கடைக்குட்டி முதன்முதலாகப் பொந்தின் விளிம்புக்கு வந்து சிறகை அடித்துப் பார்த்தது, அதை விட்டு வர அவளுக்கு மனம் வரவில்லை. அவள் குட்டைக்கு வந்தபோது மாராயியின் முதுகில் ஒருத்தி ஏற்கெனவே ஏறியிருந்தாள். கெட்டிக்காரி. சரியான இடத்தில், சரியாக இரண்டு தட்டு தட்டினாள். வேலாத்தாளுக்கே இது நான்தானோ என்று ஒரு கணம் தோன்றியது. இடம் போயிற்று என்று நினைத்துக்கொண்டு கரையிலேயே நின்றுவிட்டாள்.

ஆனால் அந்தக் கெட்டிக்காரி தட்டிய கையோடு இழுத்துவிட்டாள். அந்த ஒரு நொடி காத்திருக்க அவளுக்குப் பொறுமையில்லை. தோல் தளர்வதற்கு முன்பே மூக்கு இறங்கிவிட்டது.

மாராயி அசை போடுவதை நிறுத்தினாள். வாலை வீசவில்லை. தலையைத் தூக்கிக் குட்டை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: “நீ எறங்கு அம்மிணி. எங்க வேலாத்தா எங்க?”

கரையில் இருந்த பறவைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. கல்லாங்குட்டையில் ஒரு எருமை ஒரு பறவையைப் பெயர் சொல்லித் தேடியது அதுதான் முதல் தடவை. வேலாத்தா கூவாமல் பறந்து வந்து முதுகில் இறங்கி இரண்டு தட்டினாள்.

நம் பெயரை நாமே எவ்வளவு கூவினாலும் அது கும்பலில் கரைந்துவிடும். நம் வேலையால் சுகம் கண்டவர் அதைத் தன் வாயால் சொல்லித் தேடும்போதுதான் அது நிலைக்கும்.