தாழைமேட்டுப் பத்தியம்

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை. உச்சிப்பொழுது கழிந்து ஒரு நாழிகை ஆகியிருந்தது. மேற்கே மேகம் கறுத்து நின்றது, ஆனால் ஒரு சொட்டு விழவில்லை. காற்று அசையாமல் தாழைமேடு என்கிற ஊரே புழுங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அந்த ஊர் அரண்மனை வாசலில் இரண்டு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ஒருத்தி செங்கமலம், பெருமாள் கோயிலில் பல்லக்குச் சுமக்கும் அழகிரியைப் பெற்றவள். மற்றவர் ஊர் வைத்தியர் வரதப்பர். வைத்தியன் கொடுத்த மருந்தால் நோய் முற்றியது என்று தீர்ப்பானால், பொழுது சாய்வதற்குள் அந்த வைத்தியன் ஊரை விட்டே போய்விட வேண்டும். தாழைமேட்டுச் சட்டம் அப்படி. வரதப்பர் பிறந்ததும் அங்கேதான், கட்டிக்கொண்டதும் அங்கேதான். வேறு ஊர் அவருக்குத் தெரியாது.

ஏன் இப்படி ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன், தள்ளி உட்காராமல் கிட்ட வாருங்கள்.

அழகிரிக்குக் கால் இரண்டிலும் கரப்பான் என்கிற தோல் நோய் வந்தது. முதலில் அரித்தது, அப்புறம் தடித்தது, அப்புறம் நீர் வடிந்து புண்ணாகிவிட்டது. சாமியைத் தோளில் தூக்குகிற பிள்ளைக்குத் தரையில் பாதம் வைக்க முடியவில்லை. செங்கமலம் வைத்தியரிடம் ஓடினாள். வரதப்பர் கெட்டிக்காரர், ஆனால் பேச்சில் மட்டும் மகா சிக்கனம். மேலே பூச ஒரு தைலமும் உள்ளுக்கு ஒரு சூரணமும் கொடுத்து, புளி, கத்தரிக்காய், கருவாடு மூன்றும் ஆகாது, பத்தியம் முக்கியம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

செங்கமலம் லேசுப்பட்டவளா? அன்றைக்கே புளிப்பானையைத் தூக்கி அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டாள். அத்தோடு நிற்காமல் கோயிலுக்குப் போய், மகன் கால் ஆறுகிற வரைக்கும் தினமும் அரிசி கொடுத்துப் பெருமாளுக்குத் தளிகை போட்டுப் படைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டும் வந்தாள்.

ஆனாலும் கால் ஆறவில்லை. முதல் தடவை போய்க் கேட்டாள். வைத்தியர், பத்தியம் இருந்தானா என்று கேட்டார். இருந்தான் என்றாள். அப்போது ஆறும் என்றார். இரண்டாம் தடவை போனாள். பத்தியம் இருந்தானா? இருந்தான். அப்போது ஆறும். மூன்றாம் தடவை, புண் முழங்கால் வரைக்கும் ஏறிய பிறகு, அழுதுகொண்டே போனாள். வைத்தியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பத்தியம் இருந்திருக்க மாட்டான்."

இத்தனை நாள் ரசம்கூட வைக்காத வீட்டுக்காரியைப் பார்த்து இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். அவள் கொதித்துப் போய்த் தெருவில் வந்தாள். அங்கேதான் தைலக்காரன் வெள்ளியப்பன் நின்றுகொண்டிருந்தான். தெருத்தெருவாகக் கூவித் தைலம் விற்கிறவன். வைத்தியர் இடம் காலியானால் அந்த வீட்டில் தான் உட்காரலாம் என்று வெகுநாளாக நினைத்திருந்தவன். அவன் செங்கமலத்திடம், அந்தச் சூரணத்தில் ரசபாஷாணம் என்கிற விஷம் கலந்திருக்கிறது, உன் மகனுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறார் என்று சொன்னான். அப்புறம் நேரே வைத்தியர் வீட்டுக்குப் போய், அந்த அம்மாள் மகனுக்குக் கருவாடு சுட்டுக் கொடுத்துவிட்டு ஊரெல்லாம் உங்களைத் திட்டுகிறாள் என்றும் சொன்னான். அவ்வளவுதான். அவள் மருந்தைத் தெருவில் கொட்டினாள், அவர் அந்தத் தெருப் பக்கம் போவதையே நிறுத்தினார், வழக்கு ராஜாவிடம் வந்தது.

அந்த ராஜாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பசியோடு தீர்ப்புச் சொல்ல மாட்டார். வழக்காட வந்தவர்களையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பார்.

"வெறும் வயித்தோட நான் யாரையும் ஊரை விட்டு அனுப்பினதில்ல. முதல்ல இலையைப் போடுங்க" என்றார்.

அழகிரியை இரண்டு பேர் தூக்கிவந்து தாயின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சாட்சி சொல்ல வந்த வெள்ளியப்பன் நெய்க்கிண்ணம் இருக்கிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தான். வைத்தியர் மட்டும் இலை வேண்டாம் என்றார். புரட்டாசிச் சனி விரதம், பொழுது சாய்கிற வரைக்கும் பல்லில் தண்ணீரைத் தவிர எதுவும் படாது என்றார்.

வத்தக்குழம்பு வந்தது. செங்கமலம் மகன் இலையைக் கையால் மறைத்து, ஆகாது என்றாள். கத்தரிக்காய்க் கூட்டு வந்தது. ஆகாது என்றாள். ரசம் வந்தது. ஆகாது என்றாள். அவன் மிளகுப்பொடியும் சோறும் சாப்பிட்டான். இவ்வளவு கண்டிப்பானவளா பத்தியத்தை முறித்தாள் என்று வைத்தியருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சாப்பிட்டு முடிந்ததும் அவள் மடியிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். ஓர் உருண்டை பிடித்து, கண்ணில் ஒற்றி, மகன் வாயில் போட்டாள். சபையில் பிரசாதத்தைப் பிரித்தால் ஒருவரையும் விடக்கூடாது இல்லையா? அதனால் ராஜாவுக்குக் கொடுத்தாள், வெள்ளியப்பனுக்குக் கொடுத்தாள், அவன் இன்னொரு தரமும் கேட்டு வாங்கினான், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தியரிடமும் நீட்டினாள். அவரும் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்கி, வாயில் போட்டு, கையைத் தலையில் தடவிக்கொண்டார்.

மென்றுகொண்டிருந்த ராஜா அப்படியே நிறுத்தினார்.

"அம்மா, இது என்ன?"

"பெருமாள் பிரசாதம்ங்க."

"அது தெரியுது. என்ன சோறு?"

"புளியோதரைங்க."

"தினமும் மகனுக்கு ஊட்டறியா?"

"ஊட்டாம? அவன் கால் ஆறணும்னுதானே தளிகையே போடறேன்."

வைத்தியர் எழுந்து நின்றார். "கேட்டீங்களா மகாராஜா? மூணு தரம் கேட்டேன், மூணு தரமும் பத்தியம்னு சொன்னாங்க."

செங்கமலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பத்தியம் சாப்பாட்டுக்குத்தானேங்க? பிரசாதம் எப்படிச் சாப்பாடாகும்?"

"இதைக்கூடவா ஒருத்தர் சொல்லணும்?"

"வைத்தியரே," என்றார் ராஜா, "உமக்கு இன்னிக்கு விரதம்தானே?"

"ஆமாங்க."

"இப்ப முழுங்கினது?"

"அது பிரசா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். பந்தி முழுக்கச் சிரித்தது. அழகிரியும் சிரித்தான்.

வைத்தியர் சிரிக்கவில்லை. மெதுவாகச் செங்கமலத்தின் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார். "பத்தியம் இருந்தானான்னு கேட்டேன் தாயி. என்ன சாப்பிட்டான்னு ஒரு தரம்கூடக் கேக்கல. தப்பு என்னோடதும்தான்."

அவள், என் கையாலேயே கெடுத்தேனே என்று அழுதாள். ஆறட்டும் என்றுதானே ஊட்டினாய், இனி ஆறும் என்று அவர் சொன்னார். அப்புறம் குனிந்து, அழகிரியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தார்.

ராஜா விடவில்லை. கேட்காத ஒரு கேள்விக்கு ஊரை விட்டு விரட்டுகிற வரைக்கும் ஏன் வந்தது என்று கேட்டார். பாஷாணக் கதையை அவள் சொன்னாள், கருவாட்டுக் கதையை அவர் சொன்னார். யார் சொன்னது என்றதும் இரண்டு பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். வெள்ளியப்பனின் கன்னத்துக்குள் இரண்டாவது உருண்டை இன்னும் இருந்தது.

"முழுங்கிக்கோ, கடைசிப் புளி அது" என்றார் ராஜா. "அழகிரி கால் ஆறற வரைக்கும் உனக்கும் அதே பத்தியம், அவங்க வீட்டுலயே. அந்தம்மா சொல்றதை வைத்தியர்கிட்டயும், வைத்தியர் சொல்றதை அந்தம்மாகிட்டயும் அப்படியே கொண்டு போ. நீயா ஒரு வார்த்தை சேத்தா, உன் பத்தியம் வருஷக்கணக்குல நீளும்."

வெளியே அப்போதுதான் மழை பிடித்தது.

மறுநாள் காலையில் ராஜா பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, மருந்து கொடுத்தவரும் தின்றவரும் முதலில் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும், அதற்குப் பிறகுதான் வழக்கு என்று பறை அறைவித்தார். வரதப்பர் நோயாளி வீடு ஒவ்வொன்றாகப் போய், நேற்று விடிந்ததிலிருந்து வாயில் என்னென்ன போட்டீர்கள் என்று உட்கார்ந்து கேட்டார். வெண்பொங்கல் ஆகுமா என்று செங்கமலம் கேட்டனுப்பினாள். ஆகும் என்று பதில் வந்த பிறகே கோயிலுக்கு அரிசி கொடுத்தாள். அழகிரி கண்விழித்துத் தன் காலைப் பார்த்தான், இன்னும் அரித்தது, சொறியாமல் பொறுத்துக்கொண்டான்.

வெள்ளியப்பன் மிளகுச்சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது யாரோ வாசலில் கோயில் பிரசாதம் கொண்டுவந்தார்கள். பழக்கத்தில் கையை நீட்டினான். "புளி!" என்று தெருவே ஒரே குரலில் சொன்னது. கையை மடக்கிக்கொண்டு, மிளகுச்சோற்றையே பிசைந்து சாப்பிட்டான்.

அவன் சாப்பிட்டு முடித்துவிட்டான், நானும் சொல்லி முடித்துவிட்டேன். கண்ணை மூடுங்கள்.