இரவல் ஆட்டக்காரன்

நான்காவது முறையாக இரவல் கொடுக்கப்பட்டபோது பிரணவனுக்கு வயது இருபத்தொன்று.

இங்கிலாந்தின் பெரிய கால்பந்துக் கழகங்கள் அப்படித்தான் செய்யும். சிறுவர்களை ஒன்பது வயதிலேயே அழைத்து வளர்க்கும். வளர்ந்தபின் முதல் அணியில் இடமில்லை என்றால், சிறிய ஊர்களின் கழகங்களுக்கு ஒரு பருவத்துக்கு இரவலாக அனுப்பும். அனுப்புகிற கழகத்துக்குத் தாய்க்கழகம் என்று பெயர்.

“எந்தத் தாயடா பிள்ளையை ஊரூராய் இரவல் குடுக்கிறவள்?” என்று ஈஸ்ட் ஹாமில் இருந்த அவன் அம்மா தொலைபேசியில் கேட்பார். அவன் சிரித்துச் சமாளிப்பான்.

இம்முறை அவன் வந்து சேர்ந்தது வடக்கே, கால்டர்விக் என்ற மழை ஓயாத ஊருக்கு. அவன் நடுக்கள ஆட்டக்காரன். பின்னால் நிற்பவர்களிடம் பந்தை வாங்கி முன்னால் நிற்பவர்களிடம் சேர்ப்பது அவன் வேலை. அந்த வேலையைச் சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. தவறினால் அரங்கம் முழுவதற்கும் தெரியும். அவன் சரியாகவே செய்தான்.

பயிற்சியில் யாராவது அவன்மீது முரட்டுத்தனமாகப் பாய்ந்தால் அணித்தலைவன் டீன் உரக்கக் கத்துவான்.

“மெல்ல, மெல்ல! இரவல் பொருள். கீறல் விழுந்தால் நாம்தான் புதிதாக வாங்கித் தர வேண்டும்.”

எல்லோரும் சிரிப்பார்கள். பிரணவனும் சிரிப்பான்.

நடுக்களத்தாருக்குப் பயிற்சி தந்தவர் சுகிர்தா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுமியாக இந்த நாட்டுக்கு வந்து, முழங்கால்கள் கைவிடும்வரை பெண்கள் அணிகளில் அதே நடுக்களத்தில் ஆடியவர். நாற்பதை இன்னும் எட்டவில்லை. குறைவாகப் பேசுவார். மைதானத்தில் எல்லோரிடமும் ஆங்கிலம். பிரணவன் தனியாக இருக்கும்போது மட்டும் தமிழ். அவன் அவரை அக்கா என்று அழைத்தாலும், பாதத்தை எப்படி வைப்பது என்பதிலிருந்து எப்போது மூச்சு விடுவது என்பதுவரை அவர் சொன்ன எதையும் மறுத்ததில்லை.

தாய்க்கழகத்துடன் அவனுக்கிருந்த ஒப்பந்தம் ஜூன் மாதத்தோடு முடிகிறது. அதை நீட்டிப்பதா, அவனை விட்டுவிடுவதா என்று சொல்ல வேண்டியவர் அங்கே புதிதாக வந்திருந்த மேலாளர். அவர் பிரணவனின் ஆட்டத்தை ஒருமுறையும் பார்த்ததில்லை. அவர் கண்ணில் ஒரே ஒருமுறை பட்டுவிட வேண்டும். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் மனத்தில் வேறு எண்ணம் இல்லை.

அப்போதுதான் கோப்பைப் போட்டிக்குக் குலுக்கல் நடந்தது. கால்டர்விக்கை எதிர்த்து ஆட விழுந்தது அவனுடைய தாய்க்கழகம். ஆட்டம் கால்டர்விக்கில்.

உடைமாற்றும் அறையில் பிரணவன் பெஞ்சின்மேல் ஏறிக் குதித்தான். டீன் வந்து அவன் காலைப் பிடித்தான்.

“இறங்கு, தம்பி. விதி தெரியாதா உனக்கு? இரவல் வந்தவன் கொடுத்தவர்களுக்கு எதிராக ஆட முடியாது. அவர்கள் சம்மதித்தால் மட்டும்தான்.”

அன்று டீன் சிரிக்கவில்லை.

பிரணவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சுகிர்தாவிடம் ஓடினான்.

“அக்கா, நீங்கள் ஒருக்காக் கேளுங்கோ. நீங்கள் கேட்டால் விடுவினம்.”

அவர் கேட்டார். மறுநாள், பயிற்சி முடிந்து மற்றவர்கள் போனபின், அவனைக் கூப்பிட்டார்.

“ஏலாதாம்.”

“ஏன்? நான் கோல் அடிச்சுப்போடுவன் எண்டு பயமோ?”

சுகிர்தா மைதானத்தில் கிடந்த பந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“பயமெண்டால் நல்லாயிருந்திருக்கும்.”

“அப்ப வேறை என்ன?”

“உன்ர பேரை எழுத்தெழுத்தாய்ச் சொல்லச் சொல்லிக் கேட்டவை.”

அவன் காலடியில் கிடந்த பந்தை எடுத்து அவரிடம் நீட்டினான். பிறகு, “ஒன்பது வயசிலையிருந்து நான் அங்கை, அக்கா” என்றான்.

“தெரியும்.”

“அங்கை போனால் பேரே தெரியாது. இஞ்சை வந்தால் இரவல். அப்ப நான் ஆருடைய ஆள்?”

அவர் கடைசிப் பந்தையும் பைக்குள் போட்டார். வலைப்பையின் வாயை இறுக்கிக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஆட்டத்தன்று மதியம், வீரர்கள் உடற்பயிற்சிக்காக மைதானத்தில் இறங்கிய நேரத்தில், சுகிர்தா தம் மேலங்கியிலிருந்து இரண்டு நுழைவுச்சீட்டுகளை எடுத்து அவனிடம் நீட்டினார். ஒன்று உள்ளூர் ஆதரவாளர்களின் பகுதிக்கு. மற்றது வந்த அணியின் ஆதரவாளர்களுக்கு ஒதுக்கிய பகுதிக்கு.

“அண்டைக்கு ஒரு கேள்வி கேட்டனியெல்லே? எந்தப் பக்கத்திலை உன்னாலை இருக்க முடியுதோ, அங்கை இரு. முடிஞ்ச பிறகு வந்து சொல்லு.”

அவன் முதலில் தாய்க்கழகத்தின் பகுதிக்குப் போனான். குல்லாயை நெற்றிவரை இழுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தான். சுற்றிலும் அவன் சிறுவயதில் இருந்தே மனப்பாடமாக அறிந்த பாட்டு. வாயைத் திறந்தான், பாட்டும் வந்தது. பத்து நிமிடம் அவனுக்கு எல்லாம் மறந்தது.

அவன் ஆட விரும்பிய இடத்தில் பதினேழு வயதுப் புதியவன் ஒருவன் ஆடினான். பந்து அவன் காலுக்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

“பார்த்தீர்களா?” என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர், தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு. “நம் கழகத்திலேயே வளர்ந்த பையன். நடுக்களத்துக்கு இப்படி ஒருவன் நமக்கு இத்தனை வருடமாகக் கிடைக்கவில்லை.”

“பிரணவன் என்று ஒருவன் இருந்தானே?”

பெரியவர் நேர்மையாக யோசித்தார். “ஆமாம், ஆமாம். அவனை விற்றுவிட்டார்கள் இல்லையா?”

இடைவேளையில் பிரணவன் எழுந்து, அரங்கைச் சுற்றிக்கொண்டு உள்ளூர்ப் பகுதிக்கு வந்தான். அங்கே எல்லோருக்கும் அவனைத் தெரிந்திருந்தது.

“யார் இது, பெரிய வீட்டுப் பிள்ளையா? வழி தவறிவிட்டதோ?”

“நகர்ந்து இடம் கொடுங்கள். பாவம், பையனைக் கட்டிப்போட்டுவிட்டார்கள்.”

“நீ இன்றைக்கு ஆடியிருந்தால் அந்தப் பொடியனுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்திருக்காது!”

ஒருவர் அவன் முதுகில் தட்டினார். கம்பளித் தொப்பி அணிந்த ஓர் அம்மாள் உருளைக்கிழங்கு வறுவலை நீட்டினார். அவன் எடுத்துக்கொண்டான். சூடாக இருந்தது. இதுதான் இடம் என்று அவனுக்குத் தோன்றியது.

அப்போது அந்தப் பதினேழு வயதுப் பையன் தூரத்திலிருந்து பந்தை உதைத்தான். அது வலைக்குள் போய் விழுந்தது.

பிரணவன் எழுந்து நின்றான். இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன.

அவன் எழ நினைக்கவில்லை. அந்தக் கழகத்தின் சட்டை போட்டவன் கோல் அடித்தால் எழுவது என்று அவன் உடம்பு சிறுவயதில் கற்றுக்கொண்டது. உடம்பு அவனைக் கேட்கவில்லை. அந்தப் பகுதி முழுவதிலும் நின்றவன் அவன் ஒருவன்தான்.

பின்னாலிருந்து யாரோ கெட்ட வார்த்தை சொன்னார். “சம்பளம் கொடுப்பது அவர்கள்தானே!” என்றார் இன்னொருவர்.

தொப்பி அணிந்த அம்மாள் அவன் கையைப் பிடித்து மெல்ல இறக்கினார். “பரவாயில்லை, கண்ணு,” என்றார். “நீ எங்கள் ஆள் இல்லையே.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். வசவைத் தாங்கியவனால் அதைத் தாங்க முடியவில்லை.

அவன் வெளியே வந்தான். இரண்டு பகுதிகளுக்கும் நடுவே, சிமெண்டுப் படிக்கட்டு ஒன்று இருந்தது. அங்கிருந்து மைதானம் தெரியாது. சுவரில் சாய்ந்து நின்றான். அதன்பின் இரண்டு முறை பெரும் ஆரவாரம் எழுந்தது. எந்தப் பக்கத்தது என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை. ஆட்டம் முடிந்து கூட்டம் இறங்கி வந்தபோது, முகங்களைப் பார்த்துத்தான் கால்டர்விக் தோற்றதைத் தெரிந்துகொண்டான்.

அரங்கம் காலியானது. சுகிர்தா மைதானத்தின் ஓரத்தில், மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பலகையில் தனியாக இருந்தார். பிரணவன் போய் அவர் எதிரே நின்றான்.

“உங்கடை கேள்வி பிறகு, அக்கா. என்ரை கழகத்துக்காரர் ஏதும் சொன்னவையோ?”

“சொன்னவை. இந்த நடைபாதையிலை நிண்டபடியே சொன்னவை. ஜூனோடை உன்னை விடுகினம்.”

அவன் தலையை அசைத்தான். அசைத்துக்கொண்டே இருந்தான்.

“இஞ்சை?”

“இஞ்சை உன்னை வைச்சிருக்க ஏலாதாம். நான் கேட்டனான். ரெண்டுதரம் கேட்டனான்.”

“ஜூனுக்குப் பிறகு?”

“எனக்குத் தெரியாது.”

விளக்குகள் ஒவ்வொரு வரிசையாக அணைந்தன. புல்தரையில் வேலையாட்கள் இறங்கி, ஆட்டத்தில் பெயர்ந்த மண்ணைக் காலால் மிதித்துச் சமப்படுத்தத் தொடங்கினார்கள்.

“எந்தப் பக்கம் இருந்தனி?” என்று சுகிர்தா கேட்டார்.

“ரெண்டு பக்கமும் இருந்து பாத்தன். ஏலேல்லை. கடைசியிலை படிக்கட்டிலை நிண்டனான்.”

“அங்கை ஆர் நிண்டது?”

“ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்தான்.”

சுகிர்தா எழுந்தார். முழங்கால்கள் நிமிர அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது.

“திங்கட்கிழமை காலமை பயிற்சி இருக்கு,” என்றார். “வரேக்கை படிக்கட்டிலை நிண்ட அந்த ஆளை மட்டும் கூட்டிக்கொண்டு வா.”