நனையாமல் கழுவிய கால்

கோவங்குளத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். மூன்று மண்டையையும் சேர்த்துக் குலுக்கினாலும் குந்துமணி அளவு புத்தி உதிராது. கடைக்குட்டி பூவலிங்கத்துக்குக் கல்யாணம் நிச்சயமான நேரம் பார்த்து, கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாய்த் தடித்துப் பொடிப்பொடியாய் உதிர ஆரம்பித்தது. பயல் டாக்டரிடம் ஓடினான். மணவறையில் காலைக் கழுவும்போது மாமனார் மாசானம் இதைப் பார்த்துவிட்டுப் பெண் தரமாட்டேன் என்று எழுந்துவிட்டால்?

டாக்டர் பார்த்தார்.

"பூஞ்சைப்பா. மருந்தை விடாமப் பூசு. கால் ஈரமா இருக்கக்கூடாது, விரலிடுக்கை நல்லாத் துடை. செருப்பை வெயில்ல காயவை. நகவெட்டியைத் தனியா வை."

நல்ல மனுஷன். யாரிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

அன்றைக்கே நகவெட்டியை வீட்டுக்குள் தனியாக வைத்துப் பூட்டிவிட்டு, மூவரும் மாட்டுத்தொழுவத்தில் போய்ப் படுத்தார்கள்.

"செருப்பைக் காயவைக்கத்தானே சொன்னாரு, கழட்டச் சொல்லலியே?" என்றான் மூத்தவன் சன்னாசி.

பூவலிங்கம் செருப்பு மாட்டியபடி உச்சிவெயிலில் நின்றான். வேர்வையில் செருப்பு சொதசொதவென்று ஊறியது.

"இன்னும் காயல, நில்லுலே!" என்று அதட்டினான் சன்னாசி.

கல்யாண நாளும் வந்தது. மாசானம் தாம்பாளத்தில் மாப்பிள்ளை காலை வைத்துச் சொம்பைத் தூக்கினார். நடு அண்ணன் சுடலை பாய்ந்து பிடுங்கினான்.

"கால்ல தண்ணி படக்கூடாது!"

"கழுவாம எங்க வீட்டுல தாலி ஏறாது, ஆமா!" என்று கத்தினார் மாசானம்.

"கழுவவும் வேணும், நனையவும் கூடாது," என்று தாடையைத் தடவினான் சன்னாசி.

"சொம்புல தண்ணி இருக்கப்போயிதானே நனையுது?" என்றான் சுடலை.

மாசானம் வாயைப் பிளந்தார். "அட, இது எனக்குத் தோணலியே!"

அந்த வீட்டுக்கு ஏற்ற மாமனார்தான்.

தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, வெறும் சொம்பைப் பயபக்தியோடு காலில் கவிழ்த்தார். நகத்தை உற்றுப் பார்த்தார். பூவலிங்கம் கட்டைவிரலை மடக்கப் பார்த்தான்.

"மஞ்சள் முன்னமே பூசியாச்சா மாப்ள?"

"ஆமா மாமா! விரலிடுக்கை நல்லாத் துடைங்க, ஈரம் நிக்கக்கூடாது!"

மாசானம் ஒவ்வொரு இடுக்காய்த் துடைத்து, துண்டை இறுக்கிப் பிழிந்து கொடியில் போடச் சொன்னார். தாலி ஏறியது. அண்ணன்மார் இருவரும் பந்திக்குக்கூடப் போகாமல் துண்டுக்குக் காவல் நின்றார்கள்.

சன்னாசி தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்குலே."