அங்கியை வெட்டிக்கொண்ட ராஜா

கேளுங்கள், சபையாரே. பின்வரிசையில் கொட்டாவி விடுகிறவர்களும் கேளுங்கள். முன்னொரு நாளில், யோர்தானுக்கு அந்தப் பக்கம், மலைகளுக்கு நடுவே எல்காத் என்று ஒரு ராஜா இருந்தான். அவன் தலையில் கிரீடம் இருந்ததால் ராஜா என்று சொல்கிறேன். வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் அங்கி பின்னால் ஆறு முழம் தரையில் இழுபடும். அதற்குத் தொங்கல் என்று பெயர். புது ராஜாவை அபிஷேகம் பண்ணும்போது ஆசாரியன் கொம்பில் நிறைத்த தைலத்தில் பாதியை அவன் தலையில் ஊற்றுவான், மீதியைத் தொங்கல் நெடுக ஊற்றுவான். தலையில் ஊற்றுவது ஆளுவதற்கு, தொங்கலில் ஊற்றுவது கேட்பதற்கு.

ராஜா ஊர்வாசலுக்கு வரும்போது காவல்காரர்கள் சுற்றி நடப்பார்கள். தொங்கலோ அவர்களையும் தாண்டிப் புழுதியில் வரும். நியாயம் கிடைக்காதவர் எவரானாலும் ஓடிப்போய் அதைப் பிடிக்கலாம். பிடித்துவிட்டால், முறையீட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும்வரை ராஜா ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. எல்காத்தின் அப்பா ஒரே நாளில் ஒன்பது பேர் பிடித்தாலும் ஒன்பது தடவை நின்றார். சாப்பாடு ஆறிப்போனால் ஆறட்டும் என்பார்.

மகன் இருக்கிறானே மகன்! பட்டம் கட்டிய முதல் மாதம் ஒரு குயவன் தொங்கலைப் பிடித்தான். "சீ, களிமண் கை!" என்று எல்காத் அரண்மனைக்குப் போனதும் இரண்டு முழத்தை வெட்டிப் போட்டான். "ஆஹா, இப்போதுதான் நடை கம்பீரமாக இருக்கிறது" என்றார்கள் மந்திரிகள். அடுத்த வருஷம் ஓர் இடையன் பிடித்தான். "தூ, ஆட்டு நாற்றம்!" என்று இன்னும் இரண்டு முழத்தை வெட்டினான். மந்திரிகள் மறுபடியும் ஆஹா போட்டார்கள். அதற்குத்தானே அவர்களுக்குச் சோறு!

பிறகு மழை பொய்த்தது. ராஜாவுக்குக் கவலை வந்தது. ஜனங்களைப் பற்றி என்று நினைத்தீர்களா? குதிரைகளைப் பற்றி! விதைக் களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லி ஆள் அனுப்பினான். அங்கே ஆசேல் என்பவன் காவல் இருந்தான்.

"இது விதைக்கு வைத்த வாற்கோதுமை. குதிரை இதைத் தின்றுவிட்டால் அடுத்த வருஷம் ஊர் எதைத் தின்னும்? திறக்க மாட்டேன்" என்றான் ஆசேல்.

அவனைத் தண்ணீரில்லாத பாழுங்கிணற்றில் இறக்கி மேலே கல்லைப் புரட்டி வைத்தார்கள். தண்ணீர் கொடுக்கிறவனுக்கும் அதே கிணறுதான் என்று பறை அறைந்தார்கள். வெயில் காலம் அது. மூன்று நாளுக்குமேல் எந்த மனுஷன் தாங்குவான்?

ஆசேலின் மனைவி திர்சாள் முதல் நாள் கல்லின் இடுக்கில் காதை வைத்தாள். அவன் பேசினான். "பயப்படாதே. போய் ராஜாவின் தொங்கலைப் பிடி" என்றான். அவள் ஓடினாள். விரல்கூடத் துணியில் பட்டது. ராஜா வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "தொட்டாய், பிடிக்கவில்லை" என்று இளித்தான். அன்றைக்கே மீதி இரண்டு முழத்தையும் வெட்டிக் குப்பைமேட்டில் எறியச் சொன்னான்.

இரண்டாம் நாள் ஆசேல் இருமினான், பேசவில்லை. திர்சாள் ஓடினாள். அங்கியின் ஓரம் ராஜாவின் குதிகாலோடு முடிந்திருந்தது, சுற்றிலும் கேடயங்கள். "எதைப் பிடிப்பாய்? காற்றையா?" என்றான் ராஜா. ஈட்டிக் காம்பால் அவளை இடித்துத் தள்ளினார்கள்.

மூன்றாம் நாள் கிணற்றுக்குள்ளிருந்து கல்லால் தட்டும் சத்தம் ஒரே ஒரு தடவை கேட்டது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. திர்சாள் வாசலுக்கு ஓடவில்லை. குப்பைமேட்டுக்கு ஓடினாள். இரண்டு கையாலும் கிளறி, சாணிக்கும் சாம்பலுக்கும் அடியிலிருந்து அந்தத் துண்டை இழுத்தெடுத்தாள்.

வாசலில் மூப்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்காத்துக்கு அபிஷேகம் பண்ணின ஆசாரியன் அத்லாயும் இருந்தார். இத்தனை நாளும் அவர் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எனக்கும் பதில் தெரியாது.

ராஜா வந்தான். "ராஜாவே, நில்லும்! உம்முடைய தொங்கலைப் பிடித்திருக்கிறேன்" என்று திர்சாள் துண்டைத் தூக்கிக் காட்டினாள்.

"அது குப்பைக் கந்தல்" என்று ராஜா சிரித்தான்.

அவள் ஆசாரியனிடம் திரும்பினாள். "ஐயா, நீர் ஊற்றின தைலம் இதில் இருக்கிறதா?"

அத்லாய் முகர்ந்து பார்த்தார். "இருக்கிறது, மகளே."

"அவர் தலையில் ஊற்றினது?"

"அதே கொம்பு. அதே தைலம்."

"அப்படியானால் கேளும், ராஜாவே. இது கந்தல் என்றால் இதில் ஊற்றினது வெறும் எண்ணெய். உம்முடைய தலையில் ஊற்றினதும் வெறும் எண்ணெய்தான். இது தொங்கல் என்றால் நில்லும், என் புருஷனுக்காகக் கேளும். அங்கே அவர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது!"

நின்று கேட்டிருந்தால் அரை நாழிகை ஆகியிருக்கும். அந்த அரை நாழிகை ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் நிற்பதற்கு அந்த மகா பிரபுவுக்கு மனசு வரவில்லை.

"ராஜாவே, இது தொங்கலா, கந்தலா?" என்று அத்லாய் கேட்டார். "கந்தல்" என்றான். அவர் மறுபடி கேட்டார். "கந்தல் என்று சொன்னேனே, செவிடா?" என்றான். மூன்றாம் தடவை கேட்டபோது அந்தத் துணியின்மேல் காறித் துப்பினான்.

அத்லாய் எழுந்தார். "எல்லாரும் கேட்டீர்கள். கர்த்தருடைய தைலம் தன்மேல் இல்லையென்று இவனே மூன்று தடவை சொல்லிவிட்டான். அபிஷேகமில்லாதவன் போட்ட கட்டளைக்கு யாரும் பயப்பட வேண்டாம். கிணற்றைத் திறங்கள்!"

முதலில் ஒரு காவல்காரன் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினான். பிறகு எல்லாரும் ஓடினார்கள். கல்லைப் புரட்டி, கயிறு விட்டு, ஆசேலைத் தூக்கினார்கள். உதடு வெடித்திருந்தது, கண் செருகியிருந்தது, மூச்சு இருந்தது. திர்சாள் துளித்துளியாகத் தண்ணீர் விட்டாள். அவன் கண்ணைத் திறந்து, "களஞ்சியம்?" என்றான்.

"பூட்டித்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவள் ஓவென்று அழுதாள்.

எல்காத் வாசலில் தனியாக நின்று, "பிடியுங்கள் அவர்களை! கட்டுங்கள் அவர்களை! வெட்டுங்கள் அவர்களை!" என்று கத்திக்கொண்டிருந்தான். ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஹா போட்ட மந்திரிகள் எங்கே என்கிறீர்களா? அடுத்த ராஜா யார் என்று விசாரிக்கப் போயிருந்தார்கள்.

ஏழையின் கைக்கு எட்டாதபடி தன்னை வெட்டிக்கொள்ளும் தலைவன், கர்த்தர் தனக்குக் கொடுத்த அதிகாரத்தையே வெட்டி எறிகிறான்.