தணிகாசலம் தின்ற உருளைக்கிழங்கு

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பாதியில் யார்மேலாவது கோபம் வந்தால் கொஞ்சம் அடக்கி வையுங்கள். கோபப்பட இன்னும் ஆள் இருக்கிறது.

ஓசூரில் ரத்னாவதி என்றொரு அம்மாள் இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்குத்தான் மண். கத்தரியும் வெண்டையும் போட்டுச் சலித்துப்போய், ஒரு பனிக்காலத்தில் அங்கே உருளைக்கிழங்கு நட்டாள். விதைக்கிழங்கு கொடுத்தவர், "செடி வளர வளர மண்ணை அணைச்சு விடுங்கம்மா. கிழங்கு வெயிலைப் பார்க்கக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

மண்ணை அணைத்தாள்தான். ஆனால் முதல் கிழங்கு கண்ணில் பட்டதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்தால் மண்ணை விலக்கிக் காட்டுவாள். தம்பி குடும்பம் வந்தால் இன்னும் கொஞ்சம் விலக்குவாள். "பாரேன், கோழி முட்டை வச்ச மாதிரி!" என்று பூரித்துப்போவாள். திரும்ப மூட வேண்டும் என்பது பல நாள் மறந்தே போகும்.

அவள் கணவர் தணிகாசலத்துக்கு ஒரு குறை உண்டு. முன்பொரு தடவை வந்த காய்ச்சல் போகும்போது அவர் நாக்கின் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. உப்பும் புளிப்பும் அவருக்கு ஒன்றுதான். அதனால் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்திலிருக்கும் மகன் பிரபாகரிடம், "எப்படிடா இருக்கு?" என்று கேட்பார். அவன் நன்றாக இருக்கிறது என்றால் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார்.

கிழங்கு தோண்டிய நாள் சஷ்டி. ரத்னாவதிக்கு விரதம்; பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மருமகள் இந்துமதிதான் அடுப்படியில் நின்றாள். கிழங்கைச் சீவும்போது அவள் குரல் கொடுத்தாள்.

"அத்தை, சிலது தோலுக்கு அடியில பச்சையா இருக்கே?"

"புதுக்கிழங்கு அப்படித்தான் இருக்கும். தடிமனா சீவி வீணாக்கிடாதே" என்றாள் ரத்னாவதி, பூஜை அறையிலிருந்தே.

இந்துமதி மெல்லிசாகச் சீவி, மிளகாய்த்தூள் போட்டு முறுகலாக வறுத்தாள். அப்பாவும் மகனும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பசித்த வயிற்றோடு ரத்னாவதி எதிரே நின்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிடா இருக்கு?" என்றார் தணிகாசலம்.

பிரபாகர் ஒரு துண்டை மென்றான். அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். "பிரமாதம்ப்பா. கடைக்கிழங்கெல்லாம் இதுகிட்ட நிற்காது."

ரத்னாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. தணிகாசலம் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிரபாகர் தயிரைப் போட்டுக்கொண்டு சீக்கிரம் எழுந்துவிட்டான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவருக்கு வயிற்றைப் பிசைந்தது. பிறகு வாந்தி. நிற்கவே இல்லை. வெயிலில் அலைந்த சூடு என்று ரத்னாவதி மோர் கரைத்து எடுத்துக்கொண்டு போனாள். தணிகாசலம் டம்ளரை வாங்கவில்லை. அவளையே வெறித்துப் பார்த்து, "யாரும்மா நீங்க? என் சம்சாரம் எங்கே?" என்றார்.

முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதர் அவளை வேற்றாளாகப் பார்க்கிறார். மகனைக் கூவி அழைத்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா, அன்றைக்கு என்னென்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். "உருளைக்கிழங்கு சாப்பிட்டாரா? வெயில் பட்டுப் பச்சையானதா? கசந்ததா?"

"எங்க தோட்டத்துக் கிழங்கு டாக்டர். தேனா இருந்துச்சுன்னு பையனே சொன்னான்" என்றாள் ரத்னாவதி.

இந்துமதி தலையைக் குனிந்துகொண்டே, "கசந்துச்சு அத்தை" என்றாள். "மாமாவும் அவரும் எழுந்த பிறகுதான் நான் சாப்பிட்டேன். ஒரு வாய்கூட இறங்கலை. என் சமையல்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு, மிச்சத்தைக் குப்பையில கொட்டிட்டேன். சொல்லப் பயமா இருந்துச்சு."

ரத்னாவதி மகன் பக்கம் திரும்பினாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குமாடா?"

"முதல் வாயிலேயே. வேப்பங்காய் மாதிரி."

"அப்புறம் ஏன்டா பிரமாதம்னே?"

"நீ ஆசையா பார்த்துக்கிட்டே நின்னியேம்மா."

வெயில் பட்ட கிழங்கில் விஷம் ஏறும், வறுத்தாலும் அது போகாது, அதன் கசப்புதான் எச்சரிக்கை என்று டாக்டர் சொன்னார். ஒரே வீட்டில் இரண்டு பேர் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாத ஒருவர்தான் வயிறு நிறையத் தின்றிருக்கிறார்.

தணிகாசலம் பிழைத்துக்கொண்டார். மறுநாள் கண் விழித்து, "ரத்னா" என்று கூப்பிட்டார்.

இப்போது சொல்லுங்கள். வெயிலில் கிழங்கைத் திறந்து வைத்து, பச்சையைச் சொன்னவளை அடக்கியவள் ரத்னாவதி. பச்சையைப் பார்த்தும் சமைத்து, கசந்தது தெரிந்தும் மறைத்தவள் இந்துமதி. வாயில் வைத்துக் கசந்த பிறகும் பிரமாதம் என்றவன் பிரபாகர். அது விஷம் என்பது மூவருக்குமே தெரியாது. இவர்களில் பெரிய தப்பு யாருடையது?

விடை: பிரபாகருடையது. ரத்னாவதி ருசி பார்க்கவே இல்லை. இந்துமதிக்குக் கசந்தபோது மாமனார் சாப்பிட்டு எழுந்தாகிவிட்டது. நேருக்கு நேர் கேட்கப்பட்டவன் பிரபாகர் ஒருவன்தான்; கேட்டவரோ அவன் நாக்கை நம்பியே சாப்பிடுகிறவர். சொந்தக்காரர்களும் இதையேதான் சொன்னார்கள். ரத்னாவதி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "பொய் சொன்னது அவன்தான், இல்லைங்கலை. ஆனா கசக்குதுன்னு என்கிட்ட சொல்ல இந்த வீட்டுல ரெண்டு பேருக்குமே வாய் வரலையே, அது யார் தப்பு?" என்றாள்.