பன்றிமேட்டுப் பலகை

பன்றிமேட்டில் காட்டுப்பன்றியை விரட்டியவர் ஊர்த்தலைவர் ஆவுடையப்பனின் தாத்தா என்று வெளியூர்க்காரர்கள் பலர் நம்புகிறார்கள். இது வரலாற்றுக்கு இழைக்கப்படும் கொடுமை. விரட்டியவள் நெல் குத்திக்கொண்டிருந்த வெள்ளையம்மா. தாத்தா அப்போது இலுப்பை மரத்தின் மேல் இருந்தார்.

ஊர் எல்லை அய்யனார் கோயிலருகே சித்திரப்பலகை வைக்க முடிவானதும், பெயர்ப்பலகை எழுதும் பேச்சிக்கனியைத் தலைவர் அழைத்தார்.

"பன்றிக் கதையை வரை. எல்லாருக்கும் மேல எங்க தாத்தா இருக்கணும். படம் நிஜம்னு ஊரே கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணணும். ஒரு கை குறைஞ்சாலும் பஸ் ஸ்டாப்புல உன் கடை இருக்காது."

"பொய்ச் சத்தியம் பண்ணினா கண்ணு போயிடும்னு ஊரே பயப்படுமே, தலைவரே."

"அது உன் பாடு."

திறப்பு நாளன்று துணி விலகியது. பலகையில் வெள்ளையம்மா உலக்கையோடு பன்றியைத் துரத்திக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் மேலே, இலுப்பைக் கிளையைக் கட்டிப்பிடித்தபடி தாத்தா இருந்தார்.

ஊரே சிரித்துக்கொண்டு வரிசையில் வந்து கற்பூரத்தை அணைத்தது.

"உங்க கை ஒண்ணுதான் பாக்கி, தலைவரே," என்றாள் பேச்சிக்கனி. "நீங்க சொன்ன மாதிரி மேலதானே இருக்காரு?"

தலைவர் அய்யனாரின் அரிவாளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

இப்போதெல்லாம் பேச்சிக்கனியின் கடை முன்னால் பஸ் நிற்கும்போது, "மரத்துத் தாத்தா ஸ்டாப் எல்லாம் இறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார்.