இரண்டு கையும் தெரிய வேண்டும்

ஜெசிந்தாவிடம் பாடம் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் அவளைவிட வயதில் மூத்தவர்கள். இருந்தாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் வகுப்பு நடந்தது. வீட்டில் செய்த பொருளை ஆன்லைனில் விற்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பாள். சோப்பு செய்கிறவர்கள், பை பின்னுகிறவர்கள், மெழுகுவத்தி ஊற்றுகிறவர்கள் எல்லாம் வருவார்கள். படம் எடுப்பது, பேஜ் தொடங்குவது, விளம்பரம் போடுவது எதையும் விட மாட்டாள். ஆனால் அதிகம் பேச மாட்டாள். கேள்வி கேட்டால் எதையாவது செய்து காட்டிவிட்டுச் சும்மா இருப்பாள். காசு கட்டிச் சேர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

அவர்களில் ஒருத்தி அரசி. ஐம்பதைத் தொடப்போகிறவள். டெரகோட்டா நகை செய்வாள். களிமண்ணை உருட்டி, சுட்டு, வண்ணம் தீட்டி அவள் செய்யும் ஜிமிக்கியைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. அண்ணனுடைய ஹார்டுவேர் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு இந்த ஆன்லைன் கடையைத் தொடங்கியிருந்தாள்.

"தீபாவளி வரைக்கும் பாரு. ஓடலைன்னா உன் நாற்காலி இங்கதான் இருக்கு" என்று அண்ணன் சொல்லியிருந்தார். அன்பாகத்தான் சொன்னார். அரசிக்கு அதிலும் சந்தேகம்.

அவளுக்கு எதில்தான் சந்தேகம் இல்லை. பேஜுக்கு லைக் வந்தால், யார் இவள், எதற்கு வந்து லைக் போடுகிறாள் என்று தோன்றும். வராவிட்டால் யாரோ தடுக்கிறார்கள் என்று தோன்றும். விலை கேட்டால் போட்டிக் கடைக்காரி. கேட்காமல் பார்த்துவிட்டுப் போனால் டிசைனைத் திருட வந்தவள்.

புரட்டாசிக் கடைசியில், வகுப்பு இல்லாத நாளாகப் பார்த்து அரசி மாடியேறி வந்தாள்.

"கதவைச் சாத்திக்கட்டுமா டீச்சர்?"

"காத்து வராதுக்கா."

"பரவால்ல."

சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், ஒரு தடவை வாங்குனவங்க மறுபடி வாங்கவே மாட்டேங்கிறாங்க. விளம்பரம் போட்டா ஆளு வருது. ஒன்னு வாங்குது. அதோட சரி. யாரோ பின்னாடி இருந்து வேலை பார்க்கிறாங்க. யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஜெசிந்தா தன் போனை எடுத்துத் தேடினாள். வேறு வேறு விதமாகத் தேடிப் பார்த்தாள்.

"உங்க பேஜே எனக்கு வரலையேக்கா."

அரசி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"உங்களை பிளாக் பண்ணி வச்சிருக்கேன் டீச்சர்."

"எதுக்கு?"

"தப்பா நினைக்காதீங்க. நம்ம வகுப்புல இன்னொருத்தரும் களிமண்ணு வேலை செய்யறாங்க. என் டிசைனை நீங்க அவங்களுக்குக் காட்டிட்டீங்கன்னா?"

ஜெசிந்தா தப்பாக நினைக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. கையை நீட்டினாள். அரசி தன் போனைக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் பிடியை உடனே விடவில்லை.

பேஜைத் திறந்தால் நகை தெரியவில்லை. சிவப்பு எழுத்தில் கட்டளைகள்தான் தெரிந்தன. பணம் முதலில். திருப்பி எடுக்க மாட்டோம். வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் விலை கேட்க வேண்டாம். பொருள் உடைந்திருந்தால் பார்சல் பிரிக்கும் வீடியோ கட்டாயம். வீடியோ நடுவில் நிற்கக் கூடாது. இரண்டு கையும் தெரிய வேண்டும். கையில் எடுத்த பிறகு உடைந்தால் நாங்கள் பொறுப்பல்ல. இன்னும் இருந்தது. முதல் ஜிமிக்கி வருவதற்குள் கட்டைவிரல் வலித்துவிடும்.

"இதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததாக்கா?"

"வாங்குனவங்க சொல்லிக்கொடுத்தது டீச்சர். ஒருத்தி உடைஞ்சுபோச்சுன்னு பொய் சொல்லி இன்னொரு ஜோடி வாங்கிட்டா."

"பொய்னு எப்படித் தெரிஞ்சது?"

"அந்த ஜிமிக்கியைப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துல நிக்கிற போட்டோவை அவளே போட்டிருந்தா."

"முதல்ல அனுப்பினதா, ரெண்டாவது அனுப்பினதா?"



"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும் டீச்சர்."

"ஆமா" என்றாள் ஜெசிந்தா.

அரசி அதைத் தள்ளிவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். வந்த விஷயமே வேறு.

"அதை விடுங்க. இப்ப ஒருத்தி கையும் களவுமா மாட்டியிருக்கா. பேரு சுகந்தி. மன்னார்குடி. வர்ற வெள்ளிக்கிழமை அவளுக்கு வளைகாப்பாம். புடவை கலருக்குப் பச்சையில செட்டு கேட்டா, செஞ்சு அனுப்பினேன். ஒரு ஜிமிக்கி உடைஞ்சிருக்குன்னு வீடியோ அனுப்பியிருக்கா. முன்னாடியே பிரிச்சுப் பார்த்துட்டு, திரும்ப ஒட்டி, நடிச்சு எடுத்தது டீச்சர் அது. எங்க வெட்டி ஒட்டியிருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. மாத்தித் தர முடியாதுன்னு பதில் டைப் பண்ணி வச்சுட்டேன். வீடியோவைப் பேரோட பேஜ்ல போடப்போறேன். ஏமாத்துறவங்களுக்கு ஒரு பாடமா இருக்கட்டும்."

ஜெசிந்தா போனை மேசையில் சாய்த்து வைத்தாள். வீடியோ ஓடியது.

ஒரு மேசை. அதன்மேல் பெட்டி. வளையல் போட்ட இரண்டு கைகள். ஒரு கை பிளேடால் டேப்பை மெதுவாகக் கிழித்தது. கவர் விலகியது. பஞ்சு விலகியது. மூடி திறந்தது. உள்ளே பச்சை ஆரமும் ஒரு ஜிமிக்கியும் நன்றாக இருந்தன. இன்னொரு ஜிமிக்கியின் விளிம்பு உடைந்து துண்டாகக் கிடந்தது. கைகள் பெட்டியின் இரண்டு பக்கமும் போய் நின்றன.

அரசி எட்டி வீடியோவை நிறுத்தினாள். எப்போது பார்த்தாலும் அந்த இடத்தோடு நிறுத்திவிடுவாள். அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவள் எண்ணம்.

"பார்த்தீங்களா டீச்சர். உடைஞ்சதைப் பார்த்து ஒரு பதட்டம் இருக்கா அந்தக் கையில? ஆசையா வாங்குனவ எடுத்துப் பார்க்க மாட்டாளா? உடைஞ்சதை விடுங்க, நல்லா இருக்கிற ஒன்னையாவது எடுத்துக் காதுல வச்சுப் பார்க்க மாட்டாளா? தொடவே இல்லை. உள்ள என்ன இருக்குன்னு முன்னாடியே தெரியும் அவளுக்கு. அதான்."

கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். ஜெசிந்தா வீடியோவை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள்.

"எங்கயும் வெட்டலைக்கா."

"நல்லாப் பாருங்க."

"சத்தமே வரலையே?"

"நான்தான் அணைச்சு வச்சிருக்கேன். பேச்சைக் கேட்டா மனசு இளகிடும் டீச்சர். கையை மட்டும்தான் கவனிக்கணும்."

ஜெசிந்தா சத்தத்தைக் கூட்டினாள். வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

மின்விசிறி ஓடும் சத்தம். பிறகு ஒரு பெண்குரல்.

"நடுவுல நின்னுடாமப் பாத்துக்கோங்க. நின்னா ஒத்துக்க மாட்டாங்க."

"நிக்காது. நீ பிரி" என்றது ஆண்குரல்.

தள்ளி இருந்து ஒரு வயதான குரல் கேட்டது. "ஏண்டி, ஆசைப்பட்டு வாங்குன பொருளு. சிரிச்சுக்கிட்டே பிரியேன். என்னமோ அடுத்தவங்க பொட்டியத் தொறக்குற மாதிரி தொறக்குற."

"சும்மா இரும்மா. ரெண்டு கையும் தெரியணுமாம்."

மூடி திறந்தது. 

"ஒன்னு போச்சேடி" என்றது அம்மாவின் குரல்.

கைகள் பெட்டியின் இரண்டு பக்கமும் போய் நின்றன.

"சரி விடு. இன்னொன்னு நல்லாத்தானே இருக்கு. எம்புட்டு அழகா செஞ்சிருக்காங்க பாரு. எடுத்துக் காதுல வச்சுக் காட்டு, பாக்குறேன்."

"வேணாம்மா. தொட்டா நான்தான் உடைச்சேன்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவா?"

"பேஜ்ல போட்டிருக்காங்க."

அரசி நிறுத்தக் கையை நீட்டவில்லை. மடியில் வைத்த கை அங்கேயே இருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதை டீச்சர் பார்த்துவிடக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீடியோ பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இதையும் பேசி வச்சு நடிச்சிருக்கலாம் டீச்சர்" என்றாள். குரலில் வலு இல்லை.

"இருக்கலாம்க்கா."

அரசி அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஜெசிந்தா மறுத்துப் பேசியிருந்தால் அவளும் மல்லுக்கு நின்றிருப்பாள்.

"அதே பச்சையில ஒரு ஜோடி வீட்டுல இருக்கு" என்றாள் பிறகு. "இன்னைக்கே கொரியர்ல போட்டுடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள போயிடும்."

"சரிக்கா."

"அந்தப் பதிலையும் அழிச்சிடறேன். பேரெல்லாம் போடல."

"சரி."

அரசி வந்ததற்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. ஆனால் அண்ணன் கடை நாற்காலி இன்னும் அங்கேயேதான் இருந்தது. கேட்ட கேள்வி கேட்டபடியே நின்றது.

"டீச்சர், ஒரு தடவை வாங்குனவங்க ஏன் திரும்பி வரலைன்னு கேட்டேன். நீங்க அதுக்குப் பதிலே சொல்லல."

ஜெசிந்தா மேசையில் இருந்த போனைப் பார்த்தாள். அரசியும் பார்த்தாள்.

பெட்டி திறந்தபடி இருந்தது. வளையல் போட்ட கைகள் அதே இடத்தில், பெட்டியின் இரண்டு பக்கமும் விரித்து வைத்தபடி இருந்தன. அம்மா எழுந்து போய்விட்டாள் போலிருக்கிறது, உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது.

"போதுமா? நிறுத்திடவா?" என்றது ஆண்குரல்.

"தெரியலைங்க. அதைப் பத்தி ஒன்னும் போடல. ஓடட்டும்."

ஓடியது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கைகள் நகரவில்லை. ஒரு தடவை இடதுகைச் சுண்டுவிரல் நன்றாக இருந்த ஜிமிக்கியை நோக்கிக் கொஞ்சம் நீண்டது. பிறகு அதுவாகவே பின்னால் போய்விட்டது.

அரசியால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

"நிறுத்துங்க டீச்சர்."

ஜெசிந்தா போனைத் தொடவில்லை.

"எப்ப நிறுத்தலாம்னு நீங்க எழுதவே இல்லையேக்கா."